கைராசிக்கு ஓர் அளவுகோல்

குருவிகுளம் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி யார் கையால் செய்துகொள்வது என்பதுதான். சங்கரன்கோவிலா, கோவில்பட்டியா, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியா, மதுரையா என்பதெல்லாம் அதை ஒட்டித்தான் முடிவாகும். “எங்க நாத்தனாளுக்கு அந்தம்மாதான் பண்ணுனாங்க. கைராசிக்காரம்மா. ஒரு மாசத்துல எந்திரிச்சு நடமாடிட்டா” என்று பக்கத்து வீட்டிலிருந்து சிபாரிசு வரும். படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிக்க எதுவுமில்லை. இந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வியை மருத்துவ உலகம் முறைப்படி கேட்கத் தொடங்கி முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. இதுவரை கிடைத்த பதில் அந்தப் பெண்களின் பக்கமே நிற்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பிர்க்மேயர் குழு செய்து, 2013-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். உடல் பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் பழகிய 20 சர்ஜன்கள் ஆளுக்கு ஒரு வீடியோ கொடுத்தார்கள். எந்த வீடியோ என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதில் முகம் தெரியாது, பெயர் இருக்காது. வயிற்றுக்குள் கருவிகள் அசைவது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வீடியோவையும் குறைந்தது 10 சக சர்ஜன்கள் பார்த்து 5-க்கு மதிப்பெண் போட்டார்கள். கடைசியில் நின்றவர் பெற்றது 2.6, முதலில் நின்றவர் 4.8. பிறகு அந்த 20 பேரும் சிகிச்சை செய்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கில் இருந்த சர்ஜன்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. முதல் கால்பங்கினரிடம் அது 5.2 சதவீதம். இறப்பு விகிதம் 0.26-க்கு எதிராக 0.05.

இருபது பேரும் முறையாகப் படித்துத் தேறியவர்கள்; ஒரே ஆபரேஷனை ஆண்டுக்கணக்கில் செய்துவருபவர்கள். அவர்கள் கைக்கும் கைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். அதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஒரு வீடியோவைப் பார்த்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட முடிகிறது.

நோயாளிகள் பிழைத்தார்களா, சிக்கல் வந்ததா என்று நேரடியாகக் கணக்கெடுத்தால் போதாதா, வீடியோ எதற்கு என்று கேட்கலாம். பயிற்சியில் இருக்கும் ஒரு மருத்துவர் முப்பது ஆபரேஷன் செய்திருப்பார். அதில் ஒன்றிரண்டு மோசமாகப் போயிருக்கும். அது கையின் குறையா, அந்த நோயாளிக்கு இருந்த சர்க்கரை நோயா, முன்பு நடந்த சிசேரியனால் ஒட்டிக்கிடந்த தசையா? முப்பதை வைத்துச் சொல்லவே முடியாது. கரிசலில் மானாவாரி விவசாயம் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வருஷத்து வெள்ளாமையை வைத்து ஒரு சம்சாரியின் கெட்டிக்காரத்தனத்தை யாரும் எடைபோட மாட்டார்கள். மழை பெய்ததா, பொய்த்ததா என்பதைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர் உழுவதையும் விதைப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரே நாளில் சொல்லிவிடலாம். அறுவை சிகிச்சைத் திறனை அளக்கும் அறிவியலும் இப்படித்தான் வேலை செய்கிறது. முடிவில் அதிர்ஷ்டம் கலந்துவிடும். செய்கையில் அது அவ்வளவாகக் கலப்பதில்லை.

கையை அளக்கும் இந்தக் கேள்வி, சர்ஜனின் கைக்கும் நோயாளிக்கும் நடுவே ஓர் இயந்திரம் வந்த பிறகும் மறைந்துவிடவில்லை. இனி அந்த அறுவை சிகிச்சை ரோபோவுக்கு வருவோம்.

2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. குருவிகுளத்திலிருந்து அது ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரம். சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஓர் இரவு போக வேண்டும். தனியார் மருத்துவமனைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறங்கிவிட்டன. டெல்லி எய்ம்ஸ் 2006-லேயே சிறுநீரகவியலில் ரோபோவைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. மகளிர் நோய்களுக்கு இந்த ரோபோவைப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2005-இல். அதன்பின் கருப்பையை அகற்றுவது, ஃபைப்ராய்டு கட்டிகளை மட்டும் எடுப்பது, எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் என்று அதன் எல்லை விரிந்துகொண்டே போயிற்று.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. உலகெங்கும் அதிகமாகப் புழங்கும் டா வின்சி கருவியில், ஆபரேஷன் மேஜைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு பெட்டிக்குள் தலையைக் கொடுத்தபடி சர்ஜன் உட்கார்ந்திருப்பார். இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வருவதால் உள்ளே இருப்பதெல்லாம் ஆழத்தோடு, பெரிதாகத் தெரியும். விரல்களில் கைப்பிடி, காலடியில் பெடல்கள். அவர் விரலை அசைத்தால், நோயாளியின் வயிற்றில் 8 மில்லிமீட்டர் துளைகள் வழியே நுழைந்த கருவிகள் அசையும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். விரல் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் கருவி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். லேப்ராஸ்கோப்பியின் நீளக் கம்பிகளுக்கு மணிக்கட்டு கிடையாது. ரோபோவின் கருவிகளுக்கு உண்டு. இடுப்புக் குழியின் ஆழத்தில் தையல் போடும்போது அந்த மணிக்கட்டுதான் பெரிய வரம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பெரும்பாலான ரோபோக்களில் தொடு உணர்வு இல்லை. நூலை எவ்வளவு இழுக்கிறோம், தசையை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்பது விரலுக்குத் தெரியாது. தசை வெளுப்பதையும் நூல் விறைப்பதையும் கண்ணால் பார்த்தே கணிக்க வேண்டும். விசையை ஓரளவு கைக்குத் திருப்பிச் சொல்லும் டா வின்சி 5 கருவிக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது 2024-இல்தான். ஆக, வயிற்றைத் திறந்து இருபது வருஷம் ஆபரேஷன் செய்த கை ரோபோ முன்னால் உட்காரும்போது, புதிதாகப் பலவற்றைக் கற்றாக வேண்டும்.

இயந்திரம் வந்தால் சிகிச்சை தானாக மேம்பட்டுவிடும் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் போதவில்லை. புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கருப்பை அகற்றப்பட்ட 2,64,758 பெண்களின் விவரங்களை அமெரிக்காவில் 441 மருத்துவமனைகளிலிருந்து திரட்டி 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. 2007-இல் 0.5 சதவீதமாக இருந்த ரோபோவின் பங்கு 2010-இல் 9.5 சதவீதமாகியிருந்தது. சிக்கல்கள் ரோபோவில் 5.5 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 5.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். செலவு மட்டும் ஆளுக்கு 2,000 டாலருக்கு மேல் கூடியிருந்தது. விளம்பரப் பலகையில் ரோபோவின் படத்தைப் பெரிதாகப் போடும் எந்த மருத்துவமனையிடமும் நாம் கேட்க வேண்டியது, அந்தப் பெட்டிக்குள் தலை கொடுத்து உட்காருபவரை எப்படிச் சோதித்தீர்கள் என்பதைத்தான்.

பழைய வழி எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் பார்ப்பது, பிறகு கூட நின்று உதவுவது, பிறகு பெரியவர் மேற்பார்வையில் செய்வது, கடைசியில் தனியாகச் செய்வது. நம் மருத்துவக் கல்லூரிகளில் மகப்பேறு, மகளிர் நோயியல் முதுநிலை மாணவர்கள் இந்த வரிசையில்தான் லாக் புக் எழுதுகிறார்கள். எத்தனை பார்த்தார், எத்தனை செய்தார் என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். எப்படிச் செய்தார் என்பது பேராசிரியரின் மனத்தில் இருக்கும். அவர் நல்லவராக இருந்தால் நேர்மையான அபிப்பிராயமாக இருக்கும். மாணவரைப் பிடிக்காதவராக இருந்தால் வேறு மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரெஸ்னிக்கும் அவருடைய சகாக்களும் 1990-களில் புகுந்தார்கள். அவர்கள் உருவாக்கிய ஓசாட்ஸ் என்ற முறை 1997-இல் வெளியானது. தசையை எவ்வளவு மென்மையாகக் கையாளுகிறார், வீண் அசைவுகள் உண்டா, கருவி கையில் எப்படி நிற்கிறது, உதவியாளரைச் சரியாகப் பயன்படுத்துகிறாரா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து ஓட்டமாகச் செய்கிறாரா என்பன போன்ற ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் எப்படி இருக்கும், 3 எப்படி, 5 எப்படி என்று வார்த்தையில் எழுதிவைத்ததுதான் இதன் பலம். “பரவாயில்லை” என்ற பொத்தாம்பொதுச் சொல்லுக்கு அங்கே இடமில்லை. அடிக்கடி அசைவை நிறுத்தி யோசிக்கிறாரா, தேவைக்கு மேல் இழுத்துத் தசையைக் கிழிக்கிறாரா என்று பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

ரோபோவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே கருவியைக் கையில் வாங்குவதே இல்லை. அதனால் 2012-இல் கியர்ஸ் என்ற அளவுகோல் வந்தது. ஆழத்தைச் சரியாகக் கணிப்பது, இரு கையையும் இசைவாகப் பயன்படுத்துவது, சிக்கனமான அசைவு, விசையைக் கட்டுப்படுத்துவது, துணையின்றிச் செய்வது, ரோபோவின் கேமராவையும் கைகளையும் ஆளுவது என்று ஆறு அம்சங்கள். மொத்தம் 30 மதிப்பெண். இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது விசைக்கான மதிப்பெண். தொடு உணர்வு இல்லாத இடத்தில் மென்மையாக நடந்துகொள்வது பழக்கத்தால் மட்டுமே வரும். அந்தப் பழக்கம் வந்துவிட்டதா என்பதை நூல் அறுவதும் தசை வெளுப்பதும் வீடியோவில் பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மகளிர் நோயியலுக்கென்றே ஒன்றை டியூக் பல்கலைக்கழகத்தின் நஸீமா சித்திகியும் பல மையங்களைச் சேர்ந்த சகாக்களும் 2014-இல் வெளியிட்டார்கள். ஆர்-ஓசாட்ஸ் என்று பெயர். இதில் நோயாளியே கிடையாது. ரப்பர் வளையங்களைச் சிறிதும் பெரிதுமான தூண்களுக்கு இடையே மாற்றுவது, வளைந்து வளைந்து போகும் கம்பியின் வழியே வளையத்தைக் கொண்டுபோவது, பஞ்சில் சொன்ன திசையில் ஊசியை நுழைத்து எடுப்பது, வரிசைத் தையல் போடுவது, எட்டு வடிவத்தில் தைத்து முடிச்சிடுவது என்று ஐந்து பயிற்சிகள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். செய்தவர் யார் என்று தெரியாமல் நிபுணர்கள் வீடியோ பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ரோபோவில் அனுபவம் கூடக் கூட மதிப்பெண்ணும் ஏறியது. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு, குறைந்தபட்சத் தேர்ச்சி என்று ஒரு பயிற்சிக்கு 20-க்கு 14-ஐ முன்வைத்தது. இந்தக் கோட்டைத் தாண்டாத கை, உயிருள்ள ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் நுழையக் கூடாது. இதைவிடக் கண்ணியமான ஒரு விதியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பஞ்சிலும் ரப்பரிலும் பழகியது உண்மையான ஆபரேஷனில் கைகொடுக்குமா? பாட்ரிக் கல்லிகனும் சகாக்களும் அமெரிக்காவின் மோரிஸ்டவுனில் இதைச் சோதித்தார்கள். ரோபோவைத் தொட்டிராத 14 மகளிர் நோயியல் சர்ஜன்கள், கணினியில் ஓடும் சிமுலேட்டரில் நிபுணர்களின் மதிப்பெண்ணை எட்டும்வரை பழகினார்கள். எட்டிய பிறகே ஒரு நோயாளிக்கு ரோபோவால் கருப்பையை அகற்றினார்கள். வாழ்க்கையில் அவர்கள் செய்த முதல் ரோபோ ஆபரேஷன் அது. எடுத்துக்கொண்ட நேரத்திலும் ரத்த இழப்பிலும் நிபுணர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிக்கு ஆன நேரம் சராசரியாக 20 மணி. ஆனால் ஒருவருக்குப் பத்து மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு நாற்பதை நெருங்கியது. இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய் ஒரு சான்றிதழோடு திரும்புவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கால அளவு வைத்தால், சிலர் தேறாமலே தேறியவர்களாகிவிடுவார்கள்.

பொதுத் திறமையை அளந்தாயிற்று. கருப்பையை அகற்றும் ஆபரேஷனுக்கென்று தனியே சில கண்டங்கள் உண்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரிட்டர் குழாய், கருப்பைத் தமனிக்கு அடியில் புகுந்து போகிறது. கருப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள். தமனியைச் சுட்டு மூடும்போது வெப்பம் பக்கத்தில் பரவினால் அந்தக் குழாய் வெந்துவிடும். அன்று யாருக்கும் தெரியாது. சில நாள் கழித்துச் சிறுநீர் கசியும்போதுதான் தெரியும். சிசேரியன் செய்துகொண்ட பெண்களுக்குச் சிறுநீர்ப்பை கருப்பையோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து இறக்குவது இன்னொரு கண்டம். கடைசியில் யோனியின் மேல்முனையைத் தைத்து மூட வேண்டும். அங்கே விளிம்பை அதிகமாகச் சுட்டிருந்தாலோ தையல் ஆழமாக விழாவிட்டாலோ, வாரங்கள் கழித்து அது பிரிந்துவிடும் அபாயம் உண்டு.

நியூயார்க் மாநிலத்தின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட அட்டவணை, இந்தக் கட்டங்களைத் தனித்தனியே பிரித்து மதிப்பெண் கேட்கிறது. ஒருவர் கியர்ஸில் 30-க்கு 26 வாங்கியிருக்கலாம். அவருடைய அசைவுகள் அழகாக இருக்கலாம். ஆனால் யூரிட்டர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் தமனியைச் சுட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் அவர் தோற்றவர். இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொன்னால்தான் மாணவருக்கும் நாளை எதைத் திருத்த வேண்டும் என்று புரியும்.

மதிப்பெண் போட ஆள் எங்கே? ஒரு மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்க எந்த மூத்த மருத்துவருக்கு நேரம் இருக்கிறது? சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் துணிச்சலான ஒரு வழியைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். ரோபோவால் தையல் போடும் வீடியோ ஒன்றை, இணையத்தில் சில்லறைக் காசுக்குச் சிறுவேலை செய்யும் சாதாரண மக்கள் நூற்றுக்கணக்கானவரிடம் கொடுத்தார்கள். மருத்துவம் படிக்காதவர்கள். சுருக்கமான விளக்கத்துக்குப் பிறகு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண், நிபுணர்களின் மதிப்பெண்ணை நெருங்கி நின்றது. நிபுணர்களின் பதில் வந்துசேர வாரங்கள் ஆயின. பொதுமக்களுடையது மளமளவென்று வந்துவிட்டது. தடுமாறும் கையையும் தடுமாறாத கையையும் பார்த்துச் சொல்ல டாக்டர் பட்டம் வேண்டியதில்லை என்பதை இது காட்டியது. கட்டத்துக்குக் கட்டம் எடுக்கும் முடிவு சரியா என்று சொல்ல மட்டும் பட்டம் வேண்டும். அதனால் இதை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

ரோபோவே ஒரு சாட்சி என்பதையும் மறந்துவிடக் கூடாது. சர்ஜனின் கை எங்கிருந்து எங்கே, எந்த வேகத்தில் நகர்ந்தது என்பதை அது பதிவுசெய்ய முடியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் டா வின்சியைத் தயாரிக்கும் இன்டியூட்டிவ் நிறுவனமும் 2014-இல் ஒரு தரவுத் தொகுப்பைப் பொதுவில் வைத்தன. எட்டு சர்ஜன்கள் தையல் போட்டதும், முடிச்சிட்டதும், ஊசியை வளையங்களில் நுழைத்ததும் விநாடிக்கு 30 முறை, 76 அளவுகளாக அதில் பதிவாகியிருக்கின்றன. உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துக் கணினிக்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொடுத்துவருகிறார்கள். எட்டுப் பேரைப் பார்த்துக் கற்ற கணினி ஒன்பதாவது ஆளைச் சரியாக எடைபோடுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தவிர, கணினி “உனக்கு 62” என்று சொன்னால் மாணவர் அதை வைத்து என்ன செய்வார்? எந்த அசைவில் தப்பு என்று சொல்லத் தெரிந்தால்தான் அது ஆசிரியர்.

பயிற்சி முடிந்து தனியே செய்யத் தொடங்கிய பிறகும் அளவை நிறுத்தக் கூடாது. இதற்கு உதவுவது, 1954-இல் இ. எஸ். பேஜ் என்ற புள்ளியியலாளர் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காக வகுத்த கியூசம் என்ற எளிய கணக்கு. ஒவ்வொரு ஆபரேஷனும் எதிர்பார்த்தபடி முடிந்தால் கோடு மெல்ல இறங்கும். தவறினால் சட்டென்று ஏறும். குறித்த எல்லையைக் கோடு தாண்டினால் நின்று யோசிக்க வேண்டும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் இதய சர்ஜன் மார்க் டி லெவால், பச்சிளம் குழந்தைகளுக்குத் தான் செய்த ஆபரேஷன்களை 1994-இல் இந்த முறையில் பகிரங்கமாக அலசினார். முதல் 52 குழந்தைகளில் ஒருவர் மட்டுமே இறந்திருந்தார். அடுத்த 16 பேரில் ஏழு பேர். விதி என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. இறப்பு குறைவாக இருந்த வேறொரு மையத்தில் போய் மறுபடி கற்றார். அதன்பின் இறப்புகள் குறைந்தன. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தன் கோட்டைத் தானே வரைந்து ஊருக்குக் காட்டினார் என்பதால் அந்தக் கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நமக்கு மிக அருகிலேயே, இதே கரிசல் மண்ணில் ஓர் உதாரணம் இருக்கிறது. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. சிறுவனாக இருந்தபோது, நெருங்கிய சொந்தத்தில் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைப் பார்த்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. படித்து முடித்துச் சில ஆண்டுகளில் முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணின. மகப்பேறு மருத்துவம் கைநழுவிப் போனது. கண் மருத்துவத்துக்கு மாறி, கோணிய விரல்களுக்குப் பொருந்தும் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். அந்தக் கையை வெளியே பார்த்தவர் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், நேர்ந்த சிக்கல்கள் செய்தவர் வாரியாகப் பதிவாகின்றன. அந்தக் கணக்கு அவரவரிடமே திரும்பி வருகிறது. பயிற்சி மருத்துவர்கள் அதைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்கிறார்கள். ஏழைகளுக்கு இலவசமாக, ஏராளமான எண்ணிக்கையில் ஆபரேஷன் செய்யும் இடத்தில் தரத்தை இப்படிப் பிடித்துவைக்க முடிகிறது. மகளிர் நோயியலில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

எந்த அளவுகோலுக்கும் எட்டாத ஒன்றையும் பேசியாக வேண்டும். 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட 631 பெண்களில் பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும், மறுபாதிக்கு லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ வழியாகவும் ஆபரேஷன் செய்தார்கள். நாலரை ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளைவழி முறையில் 86 சதவீதம். மறு ஆண்டே அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், பெண்களின் புற்றுநோய்களில் ரோபோவைப் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கியர்ஸில் முழு மதிப்பெண் வாங்கிய கையாக இருந்தாலும், தவறான நோய்க்குத் தவறான வழியைத் தேர்ந்தால் நோயாளி தோற்றுப்போவார்.

இந்தியாவில் கேள்வி அதற்கும் முன்பே தொடங்குகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.3 சதவீதம் பேர் கருப்பையை இழந்திருக்கிறார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பை அகற்றப்பட்டது பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது. வேண்டாத ஆபரேஷனைக் கச்சிதமாகச் செய்வதற்கு மதிப்பெண் போட்டால் அந்த அட்டவணைக்கே அர்த்தமில்லை. அதனால் மதிப்பீட்டின் முதல் வரி, இந்தப் பெண்ணுக்கு இது ஏன் வேண்டும், மாத்திரையோ சிறிய சிகிச்சையோ முயன்று பார்த்தாயிற்றா என்பதாக இருக்க வேண்டும்.

ரோபோ இன்னும் கொஞ்ச காலத்தில் தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் வரும் என்றே நினைக்கிறேன். டாக்டர் சுதிர் ஸ்ரீவாஸ்தவாவின் குருகிராம் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரிக்கும் மந்திரா ரோபோ, விலையைக் கீழே இறக்கத் தொடங்கிவிட்டது. 2025 ஜனவரியில் குருகிராமில் உட்கார்ந்தபடி 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் படுத்திருந்த நோயாளிக்கு அதில் இதய ஆபரேஷன் செய்தார்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே அளவுகோல் வந்துவிட வேண்டும். அதற்கு ரோபோ தேவையில்லை. லேப்ராஸ்கோப்பி நடக்கும் எந்தத் தியேட்டரிலும் கேமரா ஏற்கெனவே வயிற்றுக்குள்தான் இருக்கிறது. நோயாளியின் சம்மதத்தோடு படத்தைச் சேமித்து, பெயரை நீக்கி, வேறொரு மாவட்டத்து மருத்துவருக்கு அனுப்பினால், ஒரு பக்கத் தாளில் அவர் மதிப்பெண் எழுதித் தருவார். திருநெல்வேலியில் படிக்கும் முதுநிலை மாணவியின் வீடியோவை மதுரையிலோ கோவையிலோ பார்க்கலாம். அவர்களுடையதைத் திருநெல்வேலியில் பார்க்கலாம். லாக் புக்கில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்ந்தால் போதும்.

குருவிகுளத்திலிருந்து ஆபரேஷனுக்குக் கிளம்பும் பெண்ணும் அவளோடு துணைக்குப் போகும் மதினியும் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். “இந்த ஆபரேஷன் எனக்குக் கட்டாயம் வேணுமா டாக்டர்? இதே ஆபரேஷனை நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? அதுல எத்தனை பேருக்குச் சிக்கல் ஆச்சு? யார் பார்த்துச் சரின்னு சொன்னாங்க?” கணக்கு வைத்திருக்கும் மருத்துவர் கோபப்படாமல் பதில் சொல்வார்.